நீர் செதுக்கிய மண்டையோடு

வீட்டுப் பூனையின் மண்டையோடு உருண்டையானது. பக்கவாட்டில் பார்த்தால், மூக்கு நுனியில் தொடங்கும் கோடு நெற்றியில் சட்டென்று மேலேறி, உச்சியில் வளைந்து, பிடரியில் இறங்கும். அதன் அருகில் தட்டைத்தலைப் பூனையின் மண்டையோட்டை வைத்துப் பாருங்கள். நெற்றி என்று சொல்ல ஒரு மேடே இல்லை. மூக்கிலிருந்து பிடரிவரை கோடு தாழ்வாக, நீளமாக ஓடுகிறது. முகம் முன்னால் நீண்டிருக்கிறது. மூக்கெலும்புகள் குட்டையாகவும் ஒடுங்கியும் இருப்பதால் கண்குழிகள் இரண்டும் முன்னுக்கு வந்து ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன. விலங்கின் பெயரைச் சொல்லாமல் கையில் கொடுத்தால், நீர்நாய்க் குட்டியின் தலையோ என்று பலரும் கேட்பார்கள். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. நீர்நாய் பிழைக்கும் ஆற்றங்கரையில், அது தின்னும் மீனைத் தின்றுதான் இந்தப் பூனையும் பிழைக்கிறது.

நிக்கலஸ் விகர்ஸ், தாமஸ் ஹார்ஸ்ஃபீல்டு என்ற இரு விலங்கியலாளர்கள் சுமாத்திராவிலிருந்து கிடைத்த ஒரு தோலை வைத்து 1827-இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்கள். இப்போது வழங்கும் பெயர் பிரியோனெய்லூரஸ் பிளானிசெப்ஸ். சுமாத்திரா, போர்னியோ, மலேயத் தீபகற்பம், தாய்லாந்தின் தென்கோடி ஆகியவற்றைத் தவிர உலகில் வேறெங்கும் இது கிடையாது. எடை ஒன்றரை கிலோவிலிருந்து இரண்டரை கிலோவரை; தலையும் உடலும் சேர்ந்து 41 முதல் 50 செ.மீ.; வால் 13 முதல் 15 செ.மீ. மட்டுமே. உடல் கரும்பழுப்பு, தலை செம்பழுப்பு, வயிறு வெள்ளை. நம் வீட்டுப் பூனையைவிடச் சிறிய விலங்கு. மண்டையோடு உள்ளங்கையில் அடங்கிவிடும்.

இதன் நெருங்கிய உறவுகள் தமிழர்களுக்குப் பழக்கமானவை. தமிழ்நாட்டின் புதர்க்காடுகளிலும் இலங்கையிலும் இரவில் நடமாடும் துரும்பன் பூனை இதே பேரினம்தான். இலங்கைச் சதுப்புகளிலும் கொழும்பு நகரின் ஓரங்களிலும்கூட வாழும் மீன்பிடிப் பூனையும் அப்படியே. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் சிறுத்தைப் பூனையும், தென்கிழக்காசியத் தீவுகளில் வாழும் சுந்தா சிறுத்தைப் பூனையும் சேர்ந்தால் குடும்பம் முழுதாகிறது. மரபணு ஆய்வுகளின்படி இந்தக் கிளையிலிருந்து முதலில் பிரிந்தது துரும்பன் பூனை. தட்டைத்தலைப் பூனை அதற்கடுத்து, ஏறக்குறைய முப்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன் தனிவழி போனது. அந்த நீண்ட காலத்தில் அது என்ன செய்துகொண்டிருந்தது என்பதற்குச் சான்று, அதன் தலை எலும்பு.

அதைப் படிக்க, பூனைத் தலையின் பொதுவிதியை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பூனைக் குடும்பத்தில் உருவம் எவ்வளவு மாறினாலும் தலையின் அமைப்பு பெரிதாக மாறுவதில்லை. புலியின் மண்டையோட்டையும் பூனையின் மண்டையோட்டையும் ஒரே அளவுக்குப் படம் எடுத்து வைத்தால், பழகாத கண் தடுமாறும். குட்டையான முகம், அகன்ற கன்ன வளைவு, நீண்ட நான்கு கோரைப்பற்கள், பின்னால் இறைச்சி அறுக்கும் கடைவாய்ப்பற்கள். தாடையின் மூட்டு ஒரு குறுக்குக் குழிக்குள் உருளை போலப் பொருந்தியிருப்பதால் வாய் திறக்கும், மூடும், அவ்வளவுதான். மாடு அசைபோடுவதைப் போல இடவலமாக அரைக்க அதனால் முடியாது. அரைக்கத் தேவையும் இல்லை. மேல்தாடையின் கடைசி முன்கடைவாய்ப்பல்லும் கீழ்த்தாடையின் கடைவாய்ப்பல்லும் ஒன்றையொன்று உரசிக் கடந்து இறைச்சியைத் துண்டாக்கிவிடும். துண்டு அப்படியே தொண்டைக்குள் போகும்.

முகம் ஏன் குட்டை? பாக்குவெட்டியைக் கையில் எடுத்தவர்களுக்கு விடை தெரியும். கொட்டைப் பாக்கை மூட்டுக்கு அருகே வைத்தால் லேசான அழுத்தத்திலேயே பிளக்கும். நுனிக்குத் தள்ளினால் எவ்வளவு இறுக்கினாலும் நழுவும். தாடையும் அப்படித்தான். கடிக்கும் தசைகள் மூட்டுக்குப் பக்கத்தில் பிடித்திருக்கின்றன. கோரைப்பல் மூட்டிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறதோ, அவ்வளவுக்குக் கடியின் வலு குறையும். எலியின் பிடரியில் ஒரே கடியில் தண்டுவடத்தை அறுத்துக் கொல்வது பூனையின் தொழில் என்பதால், கோரைப்பல்லை மூட்டுக்கு அருகில் வைத்திருப்பது லாபம். குட்டை முகம் பூனைக் குடும்பத்துக்கு நிலைத்துப்போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த விதியைத்தான் தட்டைத்தலைப் பூனை மீறியிருக்கிறது. வலுவை இழந்து நீளத்தை வாங்கியிருக்கிறது. அதற்கு ஈடாக என்ன கிடைத்தது?

எலியையும் மீனையும் பிடிப்பதில் உள்ள வித்தியாசத்தை யோசித்துப் பாருங்கள். எலிக்குக் கழுத்து உண்டு, முடி உண்டு; பல் பதியும், பிடி நிற்கும். அங்கே கொல்வதுதான் வேலை. மீனுக்குக் கழுத்து இல்லை. உடல் முழுக்க வழுவழுப்பு. ஓர் உதறலில் தண்ணீருக்குள் போய்விடும். மீனைக் கொல்வது இரண்டாம் பட்சம், விடாமல் பிடிப்பதே முதல் வேலை. நீண்ட தாடை ஒரே நேரத்தில் அதிக தூரம் வீசி மூடுகிறது. பல்வரிசையில் பிடிப்பதற்கு அதிக இடமும் தருகிறது. தட்டைத்தலைப் பூனையின் மண்டையோட்டைக் கவிழ்த்து அண்ணத்தைப் பார்த்தால் இது கண்கூடாகத் தெரியும். இரு பக்கப் பல்வரிசைகளும் ஏறக்குறைய இணையாக நீள்கின்றன. மண்டையோட்டின் அளவுக்குக் கோரைப்பற்கள் நீளம். அவற்றுக்குப் பின்னால், மற்றப் பூனைகளில் பெரும்பாலும் வெற்றிடமாகக் கிடக்கும் ஈறில், ஒரு கூரிய பல் நிமிர்ந்து நிற்கிறது.

அந்தப் பல்லிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். பூனைகளுக்குப் பொதுவாக 30 பற்கள்: மேலே 16, கீழே 14. மேல்தாடையில் கோரைப்பல்லுக்கு அடுத்து வரும் முதல் முன்கடைவாய்ப்பல், பெரும்பாலான பூனைகளில் எதற்கும் உதவாத சிறு முளை. கடிக்காது, அறுக்காது. சில இனங்களில் அது மறைந்தே போய்விட்டது; லிங்க்ஸ் பூனைகளுக்கு 28 பற்கள்தான். வீட்டுப் பூனையின் உதட்டை மெல்லத் தூக்கிப் பார்த்தால், கோரைப்பல்லுக்குப் பின்னால் ஓர் இடைவெளியும் அதை ஒட்டி அரிசி நுனியளவில் ஒரு பல்லும் தெரியும். பூனைக் குடும்பம் கைவிட்டுக்கொண்டிருக்கும் அதே பல்லைத் தட்டைத்தலைப் பூனை பெரிதாகவும் கூராகவும் வளர்த்து வைத்திருக்கிறது. 1982-இல் பழைய உலகப் பூனைகளின் மண்டையோடுகளையும் பற்களையும் ஒப்பிட்டு எழுதிய காலின் குரோவ்ஸ் இந்தக் கூர்மையைக் குறிப்பாகச் சொல்லியிருக்கிறார். கோரைப்பல்லில் குத்துப்பட்ட மீன் உடலை முறுக்கும்போது, அதன் விலாவில் இறங்கிப் பிடிக்க இன்னொரு முனை தயாராக இருக்கிறது. இந்த மண்டையோட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒதுக்கப்பட்ட ஓர் உறுப்புக்குப் பரிணாமம் மறுபடியும் வேலை கொடுத்திருக்கிறது.

இனி வலுவின் கணக்கு. உங்கள் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே, நெற்றிப்பொட்டில் விரலை வைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள். விரலுக்கடியில் ஒரு தசை புடைத்தெழும். தாடையை இழுத்து மூடும் பொட்டுத்தசை அது. நமக்கு அது மண்டையின் பக்கச்சுவரோடு நின்றுவிடுகிறது. வலுவாகக் கடிக்கும் விலங்குகளில் அது உச்சிவரை ஏறும். இரு பக்கத் தசைகளும் உச்சியில் சந்திக்கும்போது, பிடித்துக்கொள்ள எலும்பு போதாமல் நடுவில் ஒரு வரப்பு எழும்பும். உச்சி முகடு என்று அதைச் சொல்லலாம். பிறந்த குட்டிக்கு அது இருக்காது. தசை வளர வளர, அதன் இழுப்புக்கு ஏற்ப எலும்பு தன்னைக் கட்டிக்கொள்ளும். இரண்டு கிலோ எடையுள்ள தட்டைத்தலைப் பூனையின் தலையில் இந்த முகடு துலக்கமாகவே தெரிகிறது. தாடையை நீட்டியதால் இழந்த வலுவில் ஒரு பங்கை இந்தத் தசை ஈடுசெய்கிறது என்று நான் நினைக்கிறேன். நீளம், வலு இரண்டையும் ஒரே தலையில் வைத்துக்கொள்ள வேறு வழி இல்லை.

அந்தத் தசை கண்ணுக்குப் பின்னால்தான் ஓடுகிறது என்பதில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. நம் கண்குழி எலும்பால் முழுக்கச் சூழப்பட்டது. பூனையின் கண்குழி பின்பக்கம் திறந்தது: நெற்றியிலிருந்து ஒரு முள் இறங்கும், கன்ன வளைவிலிருந்து ஒரு முள் ஏறும், இரண்டுக்கும் நடுவே தசைநார் மட்டும். தட்டைத்தலைப் பூனையின் பல மண்டையோடுகளில் அந்த இரு முட்களும் சேர்ந்து, எலும்பு வளையம் மூடியிருக்கிறது. முன்னோக்கிய கண்கள் உள்ள விலங்குகளில் இத்தகைய வளையம் ஏன் உருவாகிறது என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. கண்குழி முன்பக்கம் திரும்பும்போது அதன் பின்சுவர் பொட்டுத்தசையின் பாதைக்கு வந்துவிடுகிறது. ஒவ்வொரு கடியிலும் தசை இழுக்க, குழி நெளிந்தால், பார்வை கலங்கும். எலும்பு வளையம் அந்த நெளிவைத் தடுக்கிறது. இரு கண்களும் ஒரே இடத்தைப் பார்த்தால்தான் தூரம் துல்லியமாகத் தெரியும். கரையில் குந்தியிருந்து தண்ணீருக்குள் இருக்கும் மீனைக் குறிவைக்கும் விலங்குக்கு அந்தத் துல்லியம் உயிர்நாடி. போதாக்குறைக்கு, நீர்ப்பரப்பில் ஒளி வளைவதால் மீன் இருக்கும் ஆழம் குறைவாகத் தோன்றும்.

காதெலும்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மற்றப் பூனைகளுக்கு இருப்பது போல நடுவில் தடுப்புச்சுவர் கொண்ட குமிழ்தான். பாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும்: நகத்தை மூடும் உறை சிறுத்துவிட்டதால் நகம் மூன்றில் இரண்டு பங்கு எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். விரல்களுக்கிடையே சவ்வும் உண்டு.

எலும்பைப் பார்த்து வாழ்க்கையை ஊகிப்பதில் ஆபத்து இருக்கிறது. அதே பேரினத்திலேயே அதற்கு ஒரு பாடம் உண்டு. ஜப்பானின் தென்மேற்கில் இரியோமோத்தே என்ற சிறு தீவில் 1965-இல் ஒரு பூனை தெரியவந்தது. அதன் மண்டையோட்டைப் பார்த்த இமைசுமி என்ற விலங்கியலாளர், அது வேறெந்தப் பூனையோடும் சேராதது என்று முடிவு செய்து, 1967-இல் அதற்கென்றே ஒரு புதிய பேரினத்தை உருவாக்கினார். நாம் பார்த்த அந்த முதல் முன்கடைவாய்ப்பல் அதற்கு இல்லை, 28 பற்கள்தான். பின்னர் மரபணுவைப் பார்த்தபோது, அது தீவில் தனித்துப்போன சிறுத்தைப் பூனைதான் என்று தெரிந்தது. எலும்பு எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை மண்டையோடு சொல்லும். எத்தனை காலத்தில் மாறியது, யாருக்கு யார் உறவு என்பதை அது தவறாகவும் சொல்லலாம். தட்டைத்தலைப் பூனையையும் ஒரு காலத்தில் தனிப் பேரினத்தில் வைத்திருந்தார்கள்.

நல்லவேளையாக, இங்கே எலும்பு சொல்வதை உயிருள்ள பூனையும் சொன்னது. மலேசியாவில் பிடிபட்ட ஒரு குட்டியை வளர்த்துக் கவனித்த மூல், லிம் என்ற இரு ஆய்வாளர்கள் 1970-இல் தங்கள் குறிப்புகளை வெளியிட்டார்கள். மற்றப் பூனைக்குட்டிகள் தண்ணீரைக் கண்டு காலை உதறும். இது தண்ணீரில் விளையாடியது. 12 செ.மீ. ஆழத்தில் கிடந்த மீன் துண்டை எடுக்கத் தலையை முழுக்க உள்ளே விட்டது. உயிருள்ள தவளைகளைப் பிடித்தது. கூண்டில் விட்ட சிட்டுக்குருவிகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குருவியைச் சட்டை செய்யாத பூனைக்குட்டியை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? வளர்ப்பில் இருந்த பூனைகள், மீனைப் பிடித்ததும் தண்ணீரைவிட்டு இரண்டு மீட்டராவது தள்ளிக் கொண்டுபோய்த்தான் தின்றன. நழுவினாலும் மீன் திரும்பிப் போக முடியாத தூரம் அது. மலேசிய ஆற்றங்கரை ஒன்றில் சுடப்பட்ட வளர்ந்த பூனையின் இரைப்பையில் மீன் மட்டுமே இருந்தது.

இப்போது பக்கத்து வீட்டுக்காரனைப் பாருங்கள். போர்னியோவின் சபா மாநிலத்தில் சுந்தா சிறுத்தைப் பூனை செம்பனைத் தோட்டங்களுக்குள் இரவில் புகுந்து எலி வேட்டையாடுகிறது. செம்பனைப் பழம் தின்னும் எலிகளுக்கு அங்கே பஞ்சமில்லை. மலேசியத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த எலித்தொல்லை தெரிந்த கதைதான். சிறுத்தைப் பூனையின் மண்டையோட்டில் விசேஷம் எதுவும் இல்லை: குட்டை முகம், உருண்ட உச்சி, முளை போன்ற முன்கடைவாய்ப்பல். எதையும் பிடிக்கும், எதையும் தின்னும். காடு போய்த் தோட்டம் வந்தபோது அந்தச் சாதாரணத் தலை பிழைத்துக்கொண்டது. தட்டைத்தலைப் பூனையும் எலியைத் தின்னாமல் இல்லை. கோழிக்கூண்டுக்கு வைத்த பொறியிலும் சில மாட்டியிருக்கின்றன. ஆனாலும் முப்பது லட்சம் ஆண்டுகளாகத் தண்ணீருக்காகச் செதுக்கிய தலையை வைத்துக்கொண்டு, தண்ணீர் வடிந்த நிலத்தில் சிறுத்தைப் பூனையோடு போட்டி போட அதனால் இயலாது. இந்த இனம் அருகி வருவதற்குத் துப்பாக்கியைவிட வாய்க்கால் வெட்டும் எந்திரத்தையே நான் குற்றம் சொல்வேன்.

2010-இல் வெளியான ஓர் ஆய்வில் அன்றுவரை கிடைத்த பதிவுகளை எல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டருக்குள்; 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை பெரிய நீர்நிலை ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள். சமநிலத்து ஆற்றோரமும் கரிமண் சதுப்புக்காடும்தான் அதன் வீடு. இலையும் மரமும் மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீரில் ஊறிக் கிடக்கும் காடு அது. செம்பனை நடவேண்டுமானால் முதலில் அந்த நீரை வடிக்க வேண்டும். வடித்த கரிமண் காய்ந்து தாழ்கிறது, தீப்பிடித்தால் மண்ணே எரிகிறது. 2015-இல் இந்தோனேசியாவில் எரிந்த 26 லட்சம் ஹெக்டேரில் கணிசமான பகுதி இத்தகைய நிலம். 2008 முதல் இந்தப் பூனை அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. உலகில் வளர்ந்த பூனைகள் 2,500-க்கும் குறைவாகவே இருக்கும் என்பது மதிப்பீடு.

காப்பகம் இருக்கிறதே என்று ஆறுதல்கொள்ளவும் வழியில்லை. வெப்பமண்டலக் காப்பகங்களில் பெரும்பாலானவை மலையில் இருக்கின்றன. உழவுக்கு உதவாத நிலத்தைக் காட்டுக்கு விடுவது எளிது. தட்டைத்தலைப் பூனைக்கு வேண்டிய சமவெளியோ நெல், இறால், செம்பனை என்று எல்லோருக்கும் வேண்டிய நிலம். தாய்லாந்தில் 1995-க்குப் பிறகு இதைக் கண்டதாக உறுதியான செய்தி எதுவும் இல்லாமல் இருந்தது. 2024-இலும் 2025-இலும் தென்கோடியிலுள்ள இளவரசி சிரிந்தோர்ன் காட்டுயிர்க் காப்பகத்தில் வைத்த தானியங்கிக் காமிராக்களில் அது பதிவானது. குட்டியோடு ஒரு தாயும் அதில் உண்டு. அந்த இடம் கரிமண் சதுப்பு என்பதில் வியப்பில்லை.

சபாவில் கினபாத்தாங்கான் ஆற்றின் கீழ்ப்பகுதியில் சுமார் 26,000 ஹெக்டேர் காடு 2005-இல் காப்பகமானது. ஒரே பரப்பாக இல்லாமல் பத்துத் துண்டுகளாகக் கிடக்கிறது. நடுநடுவே செம்பனைத் தோட்டங்கள், சில இடங்களில் ஆற்று விளிம்புவரைக்கும். இந்தத் துண்டுகளை ஆற்றோரமாகவே இணைக்கும் முயற்சி அங்கே நடக்கிறது. நிலம் வாங்கிச் சேர்க்கிறார்கள், வெறுமையான கரைகளில் காட்டு மரக்கன்றுகளை நடுகிறார்கள். இதில் தோட்டக்காரர்களுக்கும் பெரிய நட்டம் வராத இடங்கள் உண்டு. ஆண்டுதோறும் வெள்ளம் ஏறி, கன்றுகள் அழுகி, மறுபடி மறுபடி நட்டும் விளைச்சல் தராத தாழ்நிலங்கள் ஆற்றை ஒட்டி நிறைய இருக்கின்றன. செம்பனை தோற்றுப்போகும் அந்த வெள்ளநிலத்தில்தான் மீனும் தவளையும் பெருகும். கரையோரக் காட்டுக்கு முதலில் திருப்பித்தர வேண்டிய நிலம் அதுதான்.